ஒரே குளத்தைப் பன்னிரண்டு முறை எண்ணியபோது

2014 ஜனவரியில், பாளையங்கோட்டையில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். மணிமுத்தாறில் ஏட்ரீ என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011இல் தொடங்கிய கணக்கெடுப்பு அது. மாணவர்களும் ஆசிரியர்களும் பறவை ஆர்வலர்களும் சிறு குழுக்களாகப் பிரிந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்கு விடியற்காலையில் சென்று நீர்ப்பறவைகளை எண்ணி வருவார்கள். எனக்கும் விடுதித் தோழிக்கும் கிடைத்தது நாங்குநேரிப் பக்கத்து மானாவாரிக் குளம் ஒன்று. அந்தக் குளத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மீன்பாசிக் குத்தகை (குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) பற்றிய பேச்சு பின்னால் வருகிறது; அதில் தொடர்புடையவர்கள் இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

அன்று காலை எங்கள் தாளில் நீலச்சிறகி வாத்துகள் 1,200 என்று எழுதினோம். பெருமையாக இருந்தது. எங்களோடு வந்திருந்த அனுபவசாலி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி எண்ணினார். அவருக்குக் கிடைத்தது 460. நடந்தது என்னவென்றால், நாங்கள் எண்ணத் தொடங்கிய சற்று நேரத்தில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று குளத்தின் மேல் தாழ்வாகப் பறந்தது. வாத்துக் கூட்டம் முழுவதும் எழும்பி இரண்டு சுற்றுச் சுற்றி, வேறு மூலையில் இறங்கியது. நாங்கள் அதைப் புதிய கூட்டமாகக் கொண்டு எண்ணினோம். பருந்து மறுபடி வந்தது, நாங்களும் மறுபடி எண்ணினோம். பொய் எழுதும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் எண்ணிக்கை பெரிதாக ஆக மனம் மகிழ்ந்தது என்பதையும், அந்த மகிழ்ச்சியில்தான் சந்தேகம் தோன்றாமல் போயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

அன்று கற்றுக்கொண்ட எண்ணும் முறையை இன்று நான் அழைத்துச் செல்லும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லித் தருகிறேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, காலையில் கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும். முதல் பத்து நிமிடம் எண்ணவே கூடாது. குளத்தில் யார் யார், எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க மட்டுமே அந்த நேரம். பிறகு கரையில் தெரியும் ஒரு பனை, ஒரு மடை, ஒரு கருவேல மரம் என்று அடையாளங்கள் வைத்துக் குளத்தை மனத்துக்குள் பகுதிகளாக வெட்டிக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒரே ஒருமுறை எண்ண வேண்டும். ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும்; எண்ணுபவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. பெரிய கூட்டமென்றால் முதலில் பத்துப் பறவைகளைத் துல்லியமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஐம்பது, நூறு என்று அளவைப் பெரிதாக்கலாம். வீட்டில் ஒரு தட்டில் உளுந்தைக் கொட்டி, ஊகித்துப் பார்த்து, பிறகு எண்ணிச் சரிபார்த்தால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். என் மாணவி ஒருத்தி பொரிகடலையில் பழகினாள். அவளுடைய சிக்கல், சரிபார்ப்பதற்கு முன்பே தட்டு காலியாகிவிடுவதுதான்.

எண்ணும்போது கூட்டம் எழும்பிவிட்டால், எங்கே இறங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதியில் ஏற்கெனவே எண்ணியதோடு கூட்டாமல் மறுபடி தொடங்க வேண்டும். பக்கத்துக் குளத்துக் குழுவோடு தொலைபேசியில் பேசி நேரத்தை ஒத்துக்கொள்வதும் முக்கியம். பிசானப் பருவ நெற்பயிர் நிற்கும் வயல்கள் சூழ்ந்த எங்கள் பகுதியில் கொக்கும் அரிவாள் மூக்கனும் நத்தைக்குத்தி நாரையும் குளத்துக்கும் வயலுக்கும் நாளெல்லாம் போய் வந்துகொண்டிருக்கும். அடையாளம் தெரியாத பறவையை 'சிறிய உள்ளான், இனம் தெரியவில்லை, 35' என்று எழுதலாம். இது அவமானமில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால், பத்து ஆண்டுகள் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பவர் அதை நம்பி முடிவெடுப்பார். இப்போது பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு செயலியில் பட்டியலை ஏற்றும்போது, பார்த்த இனங்கள் அனைத்தையும் எழுதியிருக்கிறீர்களா என்று அது கேட்கும். ஆம் என்று சொல்லத்தக்க முழுப்பட்டியலே பயனுள்ளது. நாமக்கோழியும் குருட்டுக்கொக்கும் எப்போதும் இருப்பவைதானே என்று விட்டுவிட்டு, அரிய வாத்து ஒன்றை மட்டும் எழுதும் பட்டியல் நம் பெருமைக்குத்தான் உதவும்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்டுதோறும் பறவைகள் வரும் பருவத்தில், 'வெளிநாட்டுப் பறவைகள் இனப்பெருக்கத்துக்காக வருகை' என்று செய்தி வருகிறது; படத்தில் கூழைக்கடாவோ சங்குவளை நாரையோ கூட்டில் உட்கார்ந்திருக்கும். நம் மரங்களில் கூடு கட்டும் அந்தப் பறவைகள் நம் நாட்டில் வாழ்பவை, மழையையும் உணவையும் பார்த்து இடம் மாறுபவை. வலசை வருபவை வேறு. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வடக்கே ஆசியக் கண்டத்தின் குளிர்ப்பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, நம்மிடம் வந்து தின்று, ஓய்வெடுத்து, ஏப்ரலுக்குள் திரும்பிப் போகின்றன. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்து, திபெத், மங்கோலியப் பீடபூமி ஏரிகளில் கூடு கட்டி, இமயமலையைத் தாண்டி வருகிறது. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் பாதுகாப்பில் நேரடியாகத் தவறு நேரும். கூடு கட்டும் பறவைக்கு மரமும் குஞ்சு பறக்கும்வரை அமைதியும் வேண்டும். வலசை வாத்துக்கு ஆழம் குறைந்த நீரும் பாசியும் விதையும் போதும். மரமே இல்லாத மொட்டைக் குளத்தைப் பார்த்து 'பறவைகளுக்காக' உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், மரக்கன்று நடும் ஆர்வலர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தத் திறந்த வெளியை நம்பித்தான் வாத்துகளும் உள்ளான்களும் அங்கே இறங்கியிருந்தன.

நானும் இதைவிடப் பெரிய தவறு செய்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில், பிப்ரவரி 2ஆம் தேதி உலக ஈரநில நாளை ஒட்டி, நாற்பது மாணவர்கள் சேர்ந்து ஒரு குளத்தைத் தூய்மை செய்தோம். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநில உடன்படிக்கை கையெழுத்தான நாள் என்று பதாகையில் எழுதியிருந்தோம். நெகிழிப் பைகளையும் மது பாட்டில்களையும் பொறுக்கியது நல்ல வேலை. அது பத்து மணிக்கே முடிந்துவிட்டது, உற்சாகம் மிச்சமிருந்தது. எனவே கரையோரச் சம்பங்கோரையையும் அல்லிக்கொடிகளையும் 'களை' என்று அறுத்துக் கரையேற்றினோம். மதியம் பார்த்தபோது குளம் கண்ணாடிபோல் இருந்தது, படம் எடுத்தோம். அடுத்த வாரம் நான் தனியாகப் போனபோது, வழக்கமாகக் கோரைக்குள் உலவும் நீலத் தாழைக்கோழிகளில் இரண்டு மட்டும், மறைவிடம் இல்லாமல், கரை மண்ணில் நடந்துகொண்டிருந்தன. இலைக்கோழி ஒன்றுகூட இல்லை. அந்தப் படம் கல்லூரி ஆண்டு மலரில் வந்தது, நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆகாயத்தாமரை அகற்றப்பட வேண்டிய அயல்செடி. சம்பும் அல்லியும் தாமரையும் அப்படியல்ல. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாத நாற்பது பேரைவிட, தெரிந்த நான்கு பேர் குப்பையை மட்டும் எடுப்பது நல்லது. அதுவும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குளத்துக்குள் இறங்கவே கூடாது என்பது இப்போது எங்கள் விதி. குப்பை பொறுக்குவதைப் பறவைகள் வருவதற்கு முன், ஆகஸ்ட், செப்டம்பரில், குளம் வற்றியிருக்கும்போது செய்கிறோம். அப்போது படம் அழகாக வராது. எனவே வருபவர்களும் குறைவு. உலக வலசைப் பறவைகள் நாள் மே, அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமைகளில் வருகிறது. மே மாதத்தில் நம் குளங்களில் வாத்துகளும் இல்லை, பல ஆண்டுகளில் தண்ணீரும் இல்லை. பள்ளிகளில் பேச அழைப்பு வந்தால் அக்டோபருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊர்க்காரர்களோடு பழக எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஜனவரியில் வருவோம், எண்ணுவோம், போவோம். 2017ஆம் ஆண்டென்று நினைவு, குளம் நிரம்பினால் நீர் வழியும் மறுகால் அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "தை மாசம் ஒரு நாளு வந்து எண்ணிட்டுப் போறீய. மத்த நாளெல்லாம் இந்தக் கொளத்துல என்ன நடக்குன்னு ஒங்களுக்கு என்ன தெரியும் தாயி?" எனக்குப் பதில் இல்லை. எந்த மடையிலிருந்து எந்த வயலுக்கு நீர் போகிறது, மறுகால் கடைசியாக எந்த ஆண்டு பாய்ந்தது, மீன்பாசி ஏலம் எப்போது என்று எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு முதல் மாதம் ஒருமுறை போனேன். எண்ணிக்கை எழுதும் நோட்டின் வலது பக்கத்தைக் குளத்தின் நிலைக்கென்று ஒதுக்கினேன்: மடைக் கல்லில் நீர் எந்தப் படிவரை நிற்கிறது, எந்தப் பக்கம் குப்பை கொட்டியிருக்கிறார்கள், யார் வலை போட்டிருக்கிறார்கள், வண்டல் அள்ளிய பள்ளம் எங்கே என்றெல்லாம். பறவை எண்ணிக்கை ஏறி இறங்கியதன் காரணங்கள் பெரும்பாலும் அந்த வலது பக்கத்தில்தான் கிடைத்தன.

2018இல் வாத்துகள் பாதியாகக் குறைந்ததும் அப்படித்தான் விளங்கியது. புதிதாகக் குத்தகை எடுத்தவர் மீன்குஞ்சு விட்டிருந்தார்; நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் அவற்றைத் தின்றுவிடும் என்று காலையில் நான்கைந்து முறை வெடி போட்டார். தோழியர் சிலர் உடனே புகார் எழுத வேண்டும் என்றனர். நான் முதலில் அவரைப் போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி என்று கூப்பிட்டு உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ எண்ணுத பறவை திங்குத மீனுக்கு யாரு ரூவா தருவா?" என்பதுதான். நியாயமான கேள்வி. மீன் தின்னும் பறவைகள் எவை, தின்னாதவை எவை என்று அவரோடு கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தோம். நீலச்சிறகியும் ஊசிவாலும் புற்பூண்டும் விதையும் பூச்சியும் தின்பவை என்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். நீர்க்காகம் முங்கி மீன் பிடிப்பது மடைப்பக்கத்து ஆழத்தில்; வாத்துகள் கூடுவது எதிர்ப்பக்கம், நீர் மெலிந்து நிற்கும் உள்வாய் விளிம்பில். வெடியை நிறுத்தி, மடைப்பக்கம் மட்டும் ஆள் நிறுத்தித் தகரம் தட்டுவது என்று ஒரு வழி ஏற்பட்டது. முழு வெற்றியென்று சொல்ல மாட்டேன்; விலை விழுந்த மாதங்களில் அவர் மறுபடி வெடி போட்டார். ஆனால் அடுத்த ஜனவரியில் உள்வாய் விளிம்பில் வாத்துகள் இருந்தன. எண்ணுகிறவளுக்கு இடையூறில்லாமல் அன்று காலை தகரம்கூட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டிருந்தார்.

கூந்தன்குளத்தை உதாரணமாகச் சொன்னது அவரிடம் நன்றாக எடுபட்டது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊரார் பறவைகளைத் தங்கள் நல்வரவாகக் கருதிக் காத்தவர்கள். வீட்டு முற்றத்து மரங்களில்கூட நாரைகள் கூடு கட்டும். எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை உழவர்கள் அறிந்திருந்தார்கள். அதே ஊர்க்காரரான பால்பாண்டி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்து ஊரறிந்தவர் ஆனார். அந்தக் குளம் 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அப்பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து 2002இல் கோடியக்கரை மட்டுமே இருந்தது. 2025 பிப்ரவரிக்குள் இருபது இடங்களாகிவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் குளம் போன்ற ஆயிரக்கணக்கான பாசனக் குளங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை, வாத்துகளோ பட்டியல் பார்த்து இறங்குவதில்லை.

எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது என்பதற்கு ஒரு நடைமுறை வழி எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. ஜனவரி 26 அன்று ஊராட்சி தோறும் கிராம சபை. 2019இல் ஒரு பக்கத் தாளில் அந்த ஆண்டு எண்ணிக்கை, முந்தைய ஐந்து ஆண்டு எண்ணிக்கை, குப்பை கொட்டப்படும் இடத்தின் வரைபடம் ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொண்டுபோனோம். கிராம சபையில் பேச உரிமையுள்ளவர்கள் அவ்வூர் வாக்காளர்கள். எனவே நான் படிக்காமல், அந்த ஊரைச் சேர்ந்த, அப்போதுதான் பதினெட்டு முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியிருந்த எங்கள் குழுப்பையன் எழுந்து படித்தான். கோழிக்கடைக் கழிவைக் குளத்தங்கரையில் கொட்டக் கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். தீர்மானத்தை நிறைவேற்றுவது வேறு வேலை. அதற்காக நகலை வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. மனுவில் 'பறவைகள் பாதிக்கப்படுகின்றன' என்று மட்டும் எழுதியிருந்த முதல்முறை ஒன்றும் நடக்கவில்லை. நாள், இடம், எத்தனை மூட்டை, எந்த மடைக்கு அருகில் என்று எழுதிப் படமும் இணைத்த மூன்றாம் முறைதான் ஆள் வந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். எங்கள் குளத்தின் கரை உடைந்து, ஜனவரியில் நடுவே ஒரு குட்டையும் சுற்றிச் சேறுமாகக் கிடந்தது. போவதில் பயனில்லை என்று குழுவில் பலர் நினைத்தார்கள். வற்றிய குளத்தின் பூச்சியமும் ஒரு பதிவுதான் என்று வற்புறுத்தி அழைத்துப் போனேன். வாத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தச் சேற்றில் பொரி உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் பிற சிறு உள்ளான்களுமாக நாங்கள் அதற்கு முன் எந்த ஆண்டும் காணாத கூட்டம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மறுகால் விளிம்புவரை நிரம்பி நின்ற அடுத்த குளத்தில் நாமக்கோழியும் நீர்க்காகமும் தவிர ஏதுமில்லை. வாத்து தலையைக் கவிழ்த்து அடிமண்ணை எட்ட அரை அடி, ஓரடி நீர் போதும், உள்ளானுக்கு விரற்கடை. நீர் நிறைந்தால் பறவை நிறையும் என்று நான் ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அன்று திருத்திக்கொண்டேன்.

இதனால்தான், இளைஞர் குழுக்கள் பணம் திரட்டிப் பொக்லைன் வைத்துக் குளம் தூர்வாரும்போது எனக்குக் கலக்கம் வருகிறது. அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். பாசனத்துக்குத் தூர்வாருதல் தேவைதான். ஆனால் குளத்தைச் சுற்றிலும் செங்குத்தாக வெட்டிக் கிண்ணம்போல் ஆக்கிவிட்டால், நீர் மெல்ல இறங்கும் சரிவான விளிம்பு போய்விடும், அதை நம்பிய பறவைகளும் போய்விடும். மடைப்பக்கம் ஆழப்படுத்தி, நீர்வரத்துப் பக்கத்து உள்வாயைச் சரிவாகவே விட்டுவிட்டால் பாசனத்துக்கும் பறவைகளுக்கும் ஆகும். இதை வண்டி இறங்குவதற்கு முன் பேச வேண்டும். இறங்கிய பிறகு மணிக்கு வாடகை ஓடும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

பெண்பிள்ளைகளை அழைத்துச் செல்வது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றதும் என் அம்மா முதல் ஆண்டில் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று என்னிடம் வரும் பெற்றோர்களும் அதையே சொல்கிறார்கள். முந்தின நாளே குளத்துக்குப் பக்கத்து ஊரில் தெரிந்த வீடொன்றில் தங்குவது, கழிப்பறை எங்கே என்று முன்பே கேட்டு வைப்பது, ஊர்ப்பெண் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது ஆகிய மூன்றும்தான் எங்கள் ஏற்பாடு. பைனாகுலர் எட்டு மடங்கு பெருக்குவதாக ஒன்று, மூன்று பேருக்குப் பொதுவாக இருந்தால் போதும். வெளிர்நிறச் சட்டையைத் தவிர்ப்பதும், கூட்டின் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாமல் இருப்பதும், ட்ரோன் விட ஆசைப்படும் அண்ணன்மாரை வீட்டிலேயே விட்டுவருவதும் நல்லது.

2025 ஜனவரி எனக்கு அந்தக் குளத்தில் பன்னிரண்டாம் முறை. உடைந்த கரையை அடைத்திருந்தார்கள். நீலச்சிறகி 310, ஊசிவால் 44. ஒன்பதாம் வகுப்பு மாணவி எண்ணினாள், நான் எழுதினேன். நான் தட்டைவாயன் என்று சொன்ன ஒரு பெட்டை வாத்தை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தோம், அது அலகைக் காட்டாமலே தூங்கிவிட்டது. 'வாத்து, இனம் தெரியவில்லை, 1' என்று எழுதினோம். மீன்பாசிக் குத்தகை கைமாறியிருப்பதாக ஆடு மேய்க்கும் பெரியவர் சொன்னார். புதியவர் தீபாவளிக்குப் பிறகுதான் மீன்குஞ்சு விடுவாராம். அதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டும்.